நாஞ்சில் நாட்டு மண்ணில் ரொட்டிக் கோதுமை விளையுமா?

நீங்கள் கேட்டது இது: தோவாளைப் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, கனடாவில் ஒரு குடும்பம் இயற்கை முறையில் வசந்தகாலக் கோதுமை விதைத்து அதையே அரைத்து ரொட்டி சுடுவதைக் காணொளியில் பார்த்தேன், நம் ஊரில் அதைச் செய்ய முடியுமா, விதை எங்கே கிடைக்கும்? இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதுமை முளைத்துக் கதிர் விடுமா என்பது ஒன்று. அந்த மணியை அரைத்தால் ரொட்டிக்கு ஏற்ற மாவு கிடைக்குமா என்பது இரண்டாவது. அப்பா நெல் போடும் நிலத்தை இதற்காக மாற்றலாமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பதில், விளையும். இரண்டாவதற்கு, பெரும்பாலும் கிடைக்காது. மூன்றாவதற்கு, வேண்டவே வேண்டாம், ஆனால் ஐந்து சென்டில் கட்டாயம் போட்டுப் பாருங்கள். எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், இளவயதில் நான்கு வருடம் நீலகிரியில் கோதுமைச் சோதனைப் பாத்திகளில் கள உதவியாளனாக இருந்தேன். அப்புறம் ஓய்வு பெறும்வரை நம் மாவட்டத்தில் வயல் வரப்புகளில்தான் வேலை. ஓய்வுக்குப் பிறகு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் என் சொந்த விளையில், அதாவது வயல் அல்லாத மேட்டு நிலத்தில், இரண்டு வருடம் கோதுமை போட்டேன்.

முதலில் அந்தப் பெயரைச் சரி செய்துகொள்வோம். வசந்தகாலக் கோதுமை என்றால் நம் நாட்டில் இல்லாத ஏதோ ஒரு தனி ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். கோதுமையில் ஒரு வகைக்கு, பூப்பதற்கு முன்னால் பல வாரம் கடுங்குளிர் பட்டாக வேண்டும். அதைக் குளிர்காலக் கோதுமை என்பார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்து, பனிக்கு அடியில் கிடந்து, மறு வருடம் கதிர் விடும். அந்தக் குளிர் தேவைப்படாததுதான் வசந்தகாலக் கோதுமை. பனி உருகிய பிறகு, மே மாதம் விதைத்து ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுப்பதால் கனடாவில் அந்தப் பெயர். இந்தியாவில் பஞ்சாப் முதல் கர்நாடகம் வரை விளைவது எல்லாம் குணத்தில் வசந்தகாலக் கோதுமைதான். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பதால் நாம் அதை அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆகவே கனடாவிலிருந்து விதை வரவழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தாவரத் தொற்றுத் தடுப்பு அனுமதி இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அனுமதி கிடைத்தாலும் பயன் இருக்காது. அந்த ஊரில் ஜூன் மாதம் ஒரு பகல் 16 மணி நேரம். அங்கத்திய ரகங்களில் பல அந்த நீண்ட பகலைப் பார்த்துத்தான் பூப்புக்குத் திரும்பும். நாம் இருப்பது எட்டாவது அட்சரேகையில். மார்கழியில் நமக்குப் பகல் 12 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. இங்கே போட்டால் அந்தப் பயிர் புல்லாகத் தழைத்து, கதிர் விட ரொம்ப நாள் பிடிக்கும். இந்திய ரகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் ஒரே வருடத்தில் இரண்டு போகம், ஒன்று சமவெளியில், ஒன்று மலையில் என்று மாற்றி மாற்றி வளர்த்து, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுத்தார். 1966-ல் இந்தியா 18,000 டன் விதை இறக்குமதி செய்ததும் அந்த வழியில் வந்த ரகம்தான். இன்று நம் நாட்டில் விளையும் கோதுமையில் பெரும்பகுதி அந்த வம்சம்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். கோதுமை நம் ஊரில் தோற்பது பகலில் அல்ல, ராத்திரியில். பகல் 30 டிகிரி என்றால் மத்தியப் பிரதேசத்திலும் மாசியில் அந்த அளவுக்கு வரும். ஆனால் அங்கே ராத்திரி போர்வை இல்லாமல் படுக்க முடியாது. நாகர்கோவிலில் தை மாதத்து விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலில் இலை சமைத்த சர்க்கரையை, வெப்பமான ராத்திரியில் பயிர் தன் மூச்சுக்கே செலவழித்துவிடும். அடியில் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டாது. நாள் கணக்கும் சுருங்கிவிடும். குளிர்ந்த இடத்தில் பூத்த பிறகு மணி முற்ற 40 நாளுக்கு மேல் ஆகும். இங்கே முப்பது நாளிலேயே வைக்கோல் நிறம் வந்துவிடும். மணிக்குள் மாவு நிரம்ப நேரம் இல்லை. சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உலக அளவில் கோதுமை விளைச்சல் ஆறு சதவீதம்வரை குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ கோதுமை விரும்பும் அளவைவிடப் பல டிகிரி மேலே நிற்கிறோம்.

என் விளையில் நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், ஐந்து சென்டில் இரண்டு கிலோ விதையை வரிசையாக ஊன்றினேன். ஐந்தாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை எழுந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வரப்பில் நடந்தவர்கள் எல்லாம் நின்று இது என்ன பயிர் என்று கேட்டார்கள். நீலகிரியில் ஒரு விதைக்கு ஆறேழு தூர் எண்ணிய எனக்கு இங்கே இரண்டுதான் கிடைத்தது, சிலதில் ஒன்றே ஒன்று. 50-ஆம் நாள் கதிர் வெளியே வந்தது. 90-ஆம் நாள் அறுத்தாயிற்று. அடித்துச் சுளவில் புடைத்தபோது மணி பிடிக்காத சாவி நிறையப் பறந்தது. நின்றது 17 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 340 கிலோ. பஞ்சாபில் ஏக்கருக்கு இரண்டு டன் அளவில் எடுக்கிறார்கள். ஆயிரம் மணியை எண்ணி நிறுத்தேன், 28 கிராம். நல்ல கோதுமை 40 கிராம் அளவில் நிற்க வேண்டும். மணியின் முதுகு திரண்டு இருப்பதற்குப் பதில், வெயிலில் காய்ந்த மொச்சை போல ஒடுங்கி, நடுக்கோடு ஆழமாக விழுந்திருந்தது. இரண்டாம் வருடம் பசுந்தாள் உரம் போட்டு, கொஞ்சம் தள்ளி விதைத்ததில் 21 கிலோ. என் அனுபவம் இந்த ஒரே செம்மண் விளையில், இரண்டே பருவத்தில் கிடைத்தது. அதை மாவட்டத்துக்கே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, விளைந்த மணி ரொட்டிக்கு ஆகுமா? ரொட்டி உப்புவது குளூட்டன் என்ற பசையால். மாவில் தண்ணீர் பட்டதும் இரண்டு வகைப் புரதங்கள் சேர்ந்து வலை போல் பின்னிக்கொள்கின்றன. புளிப்பில் உண்டாகும் வாயுவை அந்த வலைதான் பிடித்து வைக்கிறது. வலை இழுபட வேண்டும், ஆனால் அறுந்துவிடக் கூடாது. நீங்கள் காணொளியில் பார்த்த கனடாக் கோதுமையில் புரதம் பொதுவாக 13 முதல் 15 சதவீதம். அந்த ஊர்க் கோதுமைக்குப் பெயர் வாங்கித் தந்த மார்க்விஸ் என்ற ரகத்தின் பெற்றோரில் ஒன்று இந்தியாவிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா, இன்னொன்று ரெட் ஃபைஃப். அதைத் தேர்ந்தெடுத்த கனடா ஆராய்ச்சியாளர் சார்லஸ் சாண்டர்ஸ் மணிகளை வாயில் போட்டு மென்று, கிடைக்கும் பசையின் வலுவைப் பார்த்தே தேர்வு செய்தார். அந்தச் சோதனையை நீங்கள் இன்றே வீட்டில் செய்யலாம். ஒரு கை முழுக்கோதுமையை மெதுவாக மெல்லுங்கள். மாவு கரைந்து தொண்டைக்குள் இறங்கிய பிறகு வாயில் சூயிங்கம் போல ஒரு உருண்டை நிற்கும். அதை விரலால் இழுத்துப் பாருங்கள். வடசேரிச் சந்தையில் வாங்கிய மத்தியப் பிரதேசக் கோதுமையும் என் விளைக் கோதுமையும் இரண்டையும் மென்றேன். முதலாவது அரை விரல் நீளம் இழுபட்டது. என்னுடையது கொஞ்சம் இழுபட்டு உதிர்ந்தது.

அதற்கும் மேல் தெரிய வேண்டுமானால் கழுவிப் பார்க்கலாம். சல்லடையில் சலித்த மாவு 100 கிராம், தண்ணீர் 60 மில்லி, பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு குழாயை நூல் போலத் திறந்து, அதன் அடியில் கைக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே இருங்கள். வெள்ளைப் பால் ஓடும், அது மாவுச்சத்து. பால் நின்றதும் கையில் மிஞ்சும் சாம்பல் நிற ரப்பர்தான் குளூட்டன். அதைப் பிழிந்து நிறுத்தால் ரொட்டி மாவில் 28, 30 கிராமாவது இருக்கும். எனக்கு 20 கூட வரவில்லை. ஆனால் எடையைவிட அதன் குணம்தான் முக்கியம். சுருங்கிய மணியில் மாவுச்சத்து குறைவு என்பதால் புரதத்தின் சதவீதம் சில சமயம் கூடுதலாகவே தெரியும். கதிர் முற்றும் நாட்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் இரண்டு புரதங்களின் விகிதம் மாறி, மாவு வலுவிழந்துவிடும். ஆகவே ஆய்வகத் தாளில் 12 சதவீதம் என்று இருந்தாலும் நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். கையில் இழுத்துப் பார்ப்பதுதான் கடைசிப் பேச்சு.

இயற்கை முறை என்று கேட்டீர்கள். அங்கே சிக்கல் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில்தான். நூறு கிலோ கோதுமையில் 12 சதவீதம் புரதம் இருக்க வேண்டுமானால், மணிக்குள் மட்டும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து போயாக வேண்டும். ரசாயன முறையில் கதிர் வரும் சமயத்தில் ஒரு கை யூரியா வீசி அந்தப் புரதத்தை ஏற்றுவார்கள். இயற்கை முறையில் அந்த வசதி கிடையாது, எல்லாவற்றையும் மண்ணில் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். நம் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் ஐப்பசி மழை அந்தச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். நான் செய்தது இது: புரட்டாசித் தொடக்கத்தில் சணப்பை என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, 45-ஆம் நாள் பூ எடுக்கும் முன் மடக்கி உழுதேன். அது மட்க மூன்று வாரம் விட்டேன். தொழுவுரம் ஐந்து சென்டுக்கு அரை டன். அரை டன் தொழுவுரத்தில் தழைச்சத்து இரண்டரை கிலோதான், அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு சிறு பகுதி. ஆகவே 21-ஆம் நாள் தண்ணீரோடும், 40-ஆம் நாளும், ஊறவைத்துப் புளித்த கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். பிண்ணாக்கில் ஏழு சதவீதம் தழைச்சத்து உண்டு. ஐந்து சென்டுக்கு மூன்று கிலோ பிண்ணாக்கு போதும். அந்த 21-ஆம் நாள் தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது. அப்போதுதான் கோதுமை தன் முக்கிய வேரை இறக்கும்.

நெல் வயலில் போடலாமா என்றால், கூடாது. கோதுமைக்குக் கால் நனைந்து நிற்கப் பிடிக்காது. சேறாக உழுது தொழி அடித்துப் பழகிய வயலில் மேல்மண்ணுக்கு அடியில் தண்ணீர் இறங்காத கெட்டிப் படலம் இருக்கும். பக்கத்து வயல்காரர் கும்பப்பூவுக்கு, அதாவது மாசியில் அறுக்கும் இரண்டாம் போக நெல்லுக்கு, தண்ணீர் கட்டினால் அந்தக் கசிவிலேயே உங்கள் கோதுமை மஞ்சளாகிவிடும். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. கோதுமைக்கு உரிய ஒரே காலம் கார்த்திகை முதல் மாசி வரை. அது முழுவதும் கும்பப்பூவின் காலம். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் தரும் பருவத்தை விட்டுவிட்டு, முந்நூறு நானூறு கிலோ சுருங்கிய கோதுமை எடுப்பதற்கு உங்கள் அப்பா சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. கோதையாற்றுத் தண்ணீர் பாயும் நிலம் நம் மாவட்டத்தில் வருடா வருடம் வீட்டுமனையாகக் குறைந்துகொண்டே வருகிறது. நெல் போட முடிகிற வயலில் நெல்லே நிற்கட்டும். கோதுமைக்கு, தென்னை நிழல் விழாத மேட்டு விளை ஒன்றைத் தேடுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மேற்கு வட்டாரங்களைவிட மழை குறைவு, காற்றோட்டம் உண்டு. அந்த வகையில் உங்களுக்கு என்னைவிட இடம் வாய்த்திருக்கிறது.

ஏன் காற்றோட்டத்தைச் சொல்கிறேன் என்றால், ஈரக்காற்றில் இரண்டு ஆபத்து. ஒன்று துரு நோய். இலையைத் தொட்டால் விரலில் செங்கல் பொடி போல் ஒட்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் வருடம் முழுவதும் கோதுமை இருந்ததால் துருப் பூசணம் அங்கே உயிரோடு இருந்து, காற்றில் வடக்கே போய்ச் சமவெளிப் பயிரைத் தாக்குகிறது என்று துரு நோயை ஆராய்ந்த கே. சி. மேத்தா சென்ற நூற்றாண்டிலேயே கண்டு சொன்னார். நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருப்பதற்குக் காரணமே அதுதான். துருவைத் தாங்கும் ரகங்களை அங்கே சோதித்து எடுக்கிறார்கள். ஆகவே ரகம் கேட்டு முதலில் வெலிங்டன் நிலையத்துக்கோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ எழுதுங்கள். தமிழ்நாட்டுக்கென்றே அவர்கள் வெளியிட்ட ரகங்கள் இருக்கின்றன. திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் கடிதம் எழுதவும் வழிகாட்டுவார்கள். இரண்டாவது ஆபத்து, முற்றிய கதிரில் மழை விழுவது. இரண்டு நாள் நனைந்தால் மணி கதிரிலேயே முளைகட்டத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத முளை என்றாலும், மாவுச்சத்தை உடைக்கும் நொதி கிளம்பிவிடும். அந்த மாவில் சுட்ட ரொட்டி உள்ளே களி போல் பிசுபிசுக்கும், எத்தனை நேரம் சுட்டாலும் வேகாது. அதனால் கதிர் சாய்ந்து, மணியைக் கடித்தால் டக்கென்று உடைகிற அன்றே அறுத்துவிடுங்கள்.

பறவைகளைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் உங்களிடம் மட்டும்தான் கோதுமை என்றால் அத்தனை சிட்டும் கிளியும் உங்களைத் தேடித்தான் வரும். எனக்கு மயில்தான் பெரிய தொந்தரவு. ஒரே விடியலில் ஒரு மூலையில் அரை சென்ட் பயிரை மிதித்துக் கதிரை உருவிவிட்டுப் போயிருந்தது. அடுத்த வருடம் பால் வரும் பருவத்திலிருந்தே மேலே வலை கட்டினேன்.

இதுவரை சொன்னதில் வெப்பம், பகல் நீளம், தழைச்சத்துக் கணக்கு, மழை, இவையெல்லாம் உறுதியானவை. உறுதியில்லாமல் நான் ஊகிப்பவை இரண்டு. விதைப்பைக் கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழி நடுவுக்குத் தள்ளினால் மழைக்குத் தப்பலாம், ஆனால் மாசி வெயிலில் மாட்டும். இதில் எது குறைந்த கேடு என்பது வருடத்துக்கு வருடம் மாறும் என்று நினைக்கிறேன். இரண்டாவது, சாதாரணக் கோதுமைக்குப் பதிலாகச் சம்பா கோதுமை இனத்தைப் போட்டால் வெப்பத்தையும் துருவையும் இன்னும் கொஞ்சம் தாங்கும். வட கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கப்ளி என்ற பெயரில் அதை அப்படித்தான் நம்பிப் போடுகிறார்கள். நம் ஊர் ஈரத்தில் அது எப்படி நிற்கும் என்று போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதன் உமி மணியை விட்டுப் பிரியாது, உரலில் குத்தி எடுக்க வேண்டும். அதன் பசை வலுவற்றது. கஞ்சிக்கும் ரவைக்கும் அருமை, உப்பும் ரொட்டிக்கு ஆகாது. கடையில் சம்பா என்று எழுதி விற்பது எல்லாம் அந்த இனம் அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உங்கள் ரொட்டிக்கு என்ன வழி? மாவு வாங்காதீர்கள், மணியாக வாங்குங்கள். மத்தியப் பிரதேசத்து ஷர்பதியோ, இயற்கை முறையில் விளைந்த வேறு நல்ல கோதுமையோ, பத்துப் பத்துக் கிலோவாக. மென்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஈரமில்லாத தகர டின்னில் வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு மூடுங்கள். வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, ரொட்டி எழும்ப வேண்டுமானால் மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டில் கொஞ்சத்தை நீக்குங்கள். தவிடு அந்தப் பசை வலையை அறுக்கும். கல்லில் அரைத்த நம் ஆட்டா, வெளிநாட்டு ரொட்டி மாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். அதனால் காணொளியில் சொல்லும் தண்ணீர் அளவை அப்படியே பின்பற்றாதீர்கள். அந்த மாவில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் விளைக் கோதுமையைக் கலந்து சுடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ரொட்டி நன்றாகவே எழும்பியது. என் கோதுமை மட்டும் போட்டுச் சுட்டது உள்ளங்கை உயரத்துக்கு மேல் வரவில்லை, ஆனால் வாசனை இருந்தது. வீட்டில் அதைத் தேங்காய்ப்பால் தொட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

17 கிலோவில் விதைக்கு இரண்டு கிலோ ஒதுக்கி, மீதியை அரைத்துச் சலித்தால் 12 கிலோ மாவு. ஒரு ரொட்டிக்கு அரை கிலோ மாவு என்றால் 24 ரொட்டி சுடலாம். வீட்டுத் தேவைக்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். இயற்கை விளைபொருள் என்று எழுதி விற்பதாக இருந்தால் மட்டும் விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். குழுவில் சேருவதையோ மாநில அங்கக (இயற்கை வேளாண்மை)ச் சான்றளிப்புத் துறையையோ யோசிக்கலாம்.

சணப்பை விதைக்கப் புரட்டாசித் தொடக்கம் தாண்டக் கூடாது. அதற்குள் இரண்டு விஷயம் தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன்: உங்கள் ஒன்றரை ஏக்கரில் வயல் எவ்வளவு, விளை எவ்வளவு? விளையில் ஒரு முழம் தோண்டினால் செம்மண்தானா, சரளை தட்டுகிறதா?